காணாமல் போன ரப்பர் வளையம்

ஆத்தா,

நீ வேலை பார்க்கிற ஊருக்குப் பைக்கில் கிளம்பிப் போய் இன்னும் அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அப்பாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். இதைப் படித்துவிட்டு நீ சிரிக்க வேண்டும், எனக்கு வேண்டியது இப்போது அது ஒன்றுதான். காலையிலிருந்து இரண்டு முறை உனக்குப் போன் அடித்தேன். இரண்டு முறையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அடிக்கப் போனபோது உன் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வண்டி ஓட்டுற புள்ளைக்கி நிமிசத்துக்கு ஒருக்கா போன் அடிச்சா, அத எடுக்கணும்னு பாத்தே எங்கயாச்சும் கொண்டு போயி விட்ருவா. பேசாம உக்காருங்க," என்று சொல்லி, என் கைக்கு எட்டாமல் இருக்க அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். அவள் சொல்வதும் சரிதான். அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். பேனா பிடித்தால் யாரும் கீழே விழமாட்டார்கள் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் காற்றில் பேப்பர் பறக்கிறது. என் பழைய டார்ச்சைத் தூக்கி மேலே வைத்திருக்கிறேன். தாளில் அங்கங்கே எண்ணெய்க் கறை பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. சோப்புப் போட்டுக் கை கழுவியும் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் உன்னை அனுப்பிய பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று நீ செய்தது சரிதானா என்று பார்க்கலாமே என்று, ஆயில் ஃபில்டர் மாற்றுகிற வீடியோ ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். அதில் வந்த ஆள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் சாவகாசமாக இன்னொன்றும் சொன்னார். ஃபில்டரின் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்குமாம். இறுகிப்போன ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் டப்பா மட்டும் கையோடு வந்து, வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். அது தெரியாமல் புது ஃபில்டரை முறுக்கினால் இரண்டு வளையமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். முதலில் ஒன்றும் தெரியாதாம். தூரம் ஓடி எஞ்சின் சூடேறிய பிறகு பிதுக்கிக்கொண்டு எண்ணெய் பீய்ச்சி அடிக்குமாம். அடித்த எண்ணெய் நேராகப் பின் டயருக்குப் போகுமாம். அதற்குமேல் அந்த ஆள் சொன்னதை நான் கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடி, நீ மூலையில் போட்டிருந்த பழைய ஃபில்டரை எடுத்துப் பார்த்தேன். வாயைச் சுற்றி வெறும் பள்ளம்தான் இருந்தது. வளையம் இல்லை.

இல்லாத வளையம் எங்கே போயிருக்கும்? உன் வண்டியில்தான் இருக்க வேண்டும். நீயோ வண்டியோடு ரோட்டில் இருக்கிறாய்.

நேற்று நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் டார்ச் பிடித்தவன் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. சாயங்காலம் கரண்ட் போயிருந்த நேரம். கொட்டகையில் நீ வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குக் கொடுத்த வேலை வெளிச்சம் காட்டுவது. அந்த டார்ச் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். முகப்பு லூஸாகி, கொஞ்சம் அசைந்தால் அணைந்துவிடும், தட்டினால் எரியும். "ஆட்டாதீங்கப்பா, ஆட்டாதீங்கப்பா," என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் ஆட்டவில்லை ஆத்தா. கை தானாக ஆடியது. நீ முதலில் வெறும் கையால் திருகினாய். பிறகு துணியைச் சுற்றித் திருகினாய். பிறகு உப்புத்தாளைச் சுற்றிப் பார்த்தாய். அப்புறம் ஆணியில் தொங்கிய என் கண்டக்டர் பையின் வாரைக் கழற்றி, அதைச் சுருக்குப் போட்டு இழுத்தாய். இத்தனை வருசம் என் தோளில் கிடந்து அறாத வார், அங்கே அறுந்தது. ஃபில்டர் ஒரு நூல்கூட அசையவில்லை. சூட்டில் வெந்து எஞ்சினோடு ஒட்டிப்போயிருக்கிறது என்றாய்.

"விட்ரு ஆத்தா. நாளைக்கி ஆலங்குடியில கடை தொறந்ததும் தள்ளிக்கிட்டுப் போயி குடுத்துருவோம்," என்றேன்.

"நாளைக்கி சாயங்காலம் காப்புக் கட்டுறாங்கப்பா. கடைக்காரரு இழுத்தடிச்சாருன்னா நான் இங்ஙனயே மாட்டிக்குவேன். லீவு கெடையாது."

"அப்ப பஸ்ஸுல போயிரு. நான் ஏத்தி விடுறேன்."

"ஏத்தி விட்டுட்டு டிக்கெட்டும் கிழிச்சிருவீங்களே," என்றாய், முகத்தைத் திருப்பாமலே.

அந்தக் குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. நீ காலேஜுக்கு நான் வேலை பார்த்த பஸ்ஸிலேயே புதுக்கோட்டை போன நாட்களில், பஸ் முழுக்கப் பார்க்க உன்னிடமும் கை நீட்டிக் காசு வாங்கியவன் நான். முதலாளி பார்க்கவில்லை, டிரைவர் சொல்லமாட்டார், ஆனாலும் என்னால் உன்னை விட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போக முடியாது. நீயும் ஒரு நாள்கூட முறைக்காமல் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். வீட்டுக்கு வந்த பிறகுதான் "கண்டக்டர் சார், தண்ணி வேணுமா?" என்று கேட்பாய். இன்னும் நீ அதை மறக்கவில்லை என்று நேற்றுத் தெரிந்தது.

இப்போது ஒன்றை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். அந்த ஃபில்டர் கழலக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கழலாவிட்டால் ஒன்று நீ வண்டியை இங்கேயே போட்டுவிட்டுப் பஸ்ஸில் போவாய். இல்லாவிட்டால் வண்டி சரியாகும்வரை நின்று, அதற்குள் காப்புக் கட்டிவிட, திருவிழா முடியும்வரை எங்களோடு இருப்பாய். காப்புக் கட்டிய பிறகு ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு லாபம். பெற்ற மகள் வியர்த்து விறுவிறுத்து ஒரு காரியம் செய்துகொண்டிருக்க, அது நடக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டிய தகப்பன் நான். டார்ச் அடிக்கடி அணைந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

நீ விடுகிற ஆளா? பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஃபில்டரின் வயிற்றில் வைத்துச் சுத்தியலால் அடித்தாய். தகரம் பொத்துக்கொண்டு கறுப்பு எண்ணெய் பேசினில் கொட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி பின்வாங்க முடியாது என்று தெரிந்துதான் அடித்தாய். கழன்றால் உண்டு, இல்லாவிட்டால் வண்டியும் கெட்டது. ஸ்க்ரூடிரைவரைக் கைப்பிடி மாதிரிப் பிடித்து நீ மொத்த உடம்பையும் சாய்த்தாய். டப்பா கிழிந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த காகிதம் வெளியே தெரிந்தது. அப்புறம் கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கழன்றுவிட்டது. நீ கையைத் தூக்கி "அப்பா!" என்று கத்தினாய். நானும் சிரித்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று நல்லவேளையாக நீ பார்க்கவில்லை. "டார்ச்ச இங்கிட்டு குடுத்துட்டு சோப்பு எடுத்தாங்கப்பா," என்றாய். நான் சோப்பைத் தேடி, அது கிடைக்காமல் உன் அம்மாவிடம் திட்டு வாங்கி, எடுத்துக்கொண்டு வருவதற்குள் புது ஃபில்டரைப் பூட்டி முடித்திருந்தாய். கரண்டும் வந்துவிட்டது. வளையத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் சோப்புத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் தேடிய தேடலை நீ பார்த்திருக்க வேண்டும். கொட்டகையை இரண்டு தடவை கூட்டினேன். விறகைப் புரட்டினேன். சாக்குகளை உதறினேன். இந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தரையோடு தரையாகப் பார்த்தேன். நேற்றுக் கண்சிமிட்டிக்கொண்டிருந்த சனியன் இன்றைக்கு ஒழுங்காக எரிந்தது. இப்பத்தான் உனக்குப் புத்தி வந்ததா என்று அதையும் திட்டினேன். கடைசியில், வேலிக்கால் கரையான் அரிக்காமல் இருக்கத் தடவலாம் என்று கேனில் ஊற்றி வைத்தாயே கழிவு ஆயில், அதற்குள் விழுந்திருக்குமோ என்று ஒரு எண்ணம். வடிகட்டிப் பார்த்தேன். எதில் வடிகட்டினேன் என்று கேட்காதே. உன் அம்மா வந்து பார்த்தாள். "டீ வடிகட்டியிலயா?" என்றாள். "ஒங்களுக்கு இனிமே கடையிலதான் டீ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆயிலிலும் வளையம் இல்லை.

நீ பத்து மணி வாக்கில் கரூரில் நின்று போன் அடிப்பதாகச் சொன்னாய். இப்போது மணி பன்னிரண்டைத் தாண்டுகிறது. புதுக்கோட்டை தாண்டியிருப்பாள், கீரனூர் தாண்டியிருப்பாள், திருச்சி தாண்டியிருப்பாள் என்று மனதுக்குள் ஒவ்வொரு ஸ்டாப்பாக உன்னை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்தலைக்கு மேல் எனக்கு யோசனை போகவில்லை. அங்கே ரோடு ஆற்றை ஒட்டிப் போகும். பின் டயரில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, நினைக்காதே என்று என்னையே அதட்டி, மறுபடியும் நினைத்தேன்.

சும்மா உட்கார முடியாததால் உனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் உளுந்தோ கடலைச் செடியோ காயப் போட்டிருந்தால் அதன்மேல் பிரேக் பிடிக்காதே. மணல் லாரிக்குப் பின்னால் போகாதே. முன்னால் போகிறவன் கையைக் காட்டிவிட்டான் என்பதற்காகத் திரும்பிவிடாதே, நீயாகப் பார்த்துத் திரும்பு. இது வண்டிக்கு மட்டும் சொல்வதில்லை. பசியோடு ஓட்டாதே. கோபத்தோடு வண்டியை எடுக்கவே எடுக்காதே. எங்கள் பஸ் டிரைவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற நாளில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைக்கு நான் விசில் ஊதமாட்டேன். சில்லறை மாற்றுகிறேன், ஆள் வருகிறார்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தி வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சிரித்துப் பேசிய பிறகுதான் "ரைட்" சொல்வேன். நேரம் தப்பிவிட்டது என்று முதலாளி கத்துவார். கத்தட்டும் என்று இருந்துவிடுவேன்.

ரைட் என்றால் என்ன என்று நீ சின்னப் பிள்ளையில் ஒருமுறை கேட்டாய். சைக்கிள் பழகிய நாட்கள். சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெடலில் காலை வைத்துக்கொண்டு, நான் ரைட் சொன்னால்தான் மிதிப்பேன் என்று அடம் பிடிப்பாய். "பின்னாடி நான் பாத்துட்டேன், ஆள் ஏறியாச்சு, எறங்கியாச்சு, இனி நீ முன்னாடிய மட்டும் பாத்துப் போன்னு டிரைவருக்குச் சொல்றதுதான் ஆத்தா ரைட்டு," என்றேன். அன்றிலிருந்து நீ பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை. இன்று காலையில் வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். எதற்கு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் "பாத்துப் போ, மெதுவாப் போ, தண்ணி குடி," என்று என்னென்னவோ சொன்னேன். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸுக்கு ஆயிரம் தடவை சொன்ன வாய், உனக்குச் சொல்ல மாட்டேன் என்றது. நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய்.

தெருவில் தப்புச் சத்தம் கேட்கிறது. காப்புக் கட்டுக்கு ஊரைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். "சாயங்காலம் காப்பு, வெளிய போறவுக இப்பயே போயிருங்க, போனவுக பொழுதுக்குள்ள வந்துருங்க," என்று தப்படிக்கிறவர் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்குச் சொல்கிற மாதிரியே இருக்கிறது. வெளியே போகிறவன் இப்போதே போய்விட வேண்டும். காப்புக் கட்டிவிட்டால் உனக்கு ஏதாவது என்று தகவல் வந்தால்கூட, ஓடிவந்து பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும், ஒரு ராத்திரி உன் பக்கத்தில் உட்கார முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு உன் அம்மாவிடம் போனேன். திருச்சி வரைக்கும் பஸ்ஸில் போய் அப்படியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே போகிறேன் என்றேன். "எந்த ரோட்டுல போயி எங்கன்னு தேடுவீங்க?" என்றாள். குரலில் அதட்டல் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டே இருக்கிறது, அவள் இன்னும் அரிசி போடவில்லை. டின்னைத் திறந்தால் போனைப் பார்க்க வேண்டி வரும் என்று அவளும் திறக்காமல் நிற்கிறாள். என்னைவிட அவள்தான் பயந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது. சட்டையோடு திரும்பி வந்து உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால்

அரிசி டின்னுக்குள்ளிருந்து போன் அடிக்கிறது.

ஆத்தா, திரும்பி வந்துவிட்டேன். பேசியது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன். டின் மூடியை நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அரிசி பாதி தரையில் கொட்டியது. அவள்தான் முதலில் போனை எடுத்தாள், எடுத்து என் கையில் திணித்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"என்னப்பா ரெண்டு மிஸ்டு கால்? திருச்சியில எங்கூடப் படிச்ச வாணி வீட்டுல சாப்புடாம விட மாட்டேன்னுட்டா. போனு பைக்குள்ள கெடந்துச்சு. இப்பத்தான் கரூர் வந்தேன்."

"வண்டிய விட்டு எறங்கு. எண்ணெ வடியுதா பாரு. பின் டயரப் பாரு."

"எறங்கித்தாம்ப்பா நிக்கிறேன். ஒரு சொட்டு இல்ல. ஏம்ப்பா, ஒரு மாதிரியாப் பேசுறீங்க?"

"அந்தப் பழைய ஃபில்டருல ரப்பர் வளையத்தக் காணோம் ஆத்தா. அது எஞ்சின்லயே..."

"ஆமாப்பா. எஞ்சின்லதான் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நீங்க சோப்பு எடுக்கப் போனப்ப நகத்தால உரிச்சு எடுத்தேன். ஒங்க டார்ச்சப் பாருங்க. மூஞ்சியில மாட்டி விட்ருக்கேன். இனிமே அணையாது."

போனைக் காதில் வைத்தபடியே இங்கே வந்து பார்த்தேன். இந்தக் கடிதத்தின்மேல், காலையிலிருந்து என் கண்ணுக்கு நேராக, டார்ச்சின் முகப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் தரை முழுக்கத் தேடியிருக்கிறேன். முதல் பக்கத்தில் வளைவாக ஒரு கறை இருக்கும், பார். அது என் கையிலிருந்து பட்டதில்லை.

நான் பயந்தது பொய்யில்லை, அந்த வளையம் அங்கேதான் நின்றிருக்கிறது. நான் போனில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நீ பார்த்திருக்கிறாய், எடுத்திருக்கிறாய். எடுத்ததைத் தூக்கி எறியாமல், கழலக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றவனின் டார்ச்சைச் சரி பண்ணிவிட்டும் போயிருக்கிறாய். அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. உன் அம்மா தரையில் உட்கார்ந்து கொட்டிய அரிசியை அள்ளிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"கெளம்பட்டாப்பா?" என்றாய். கேட்டுவிட்டுப் போனை வைக்காமல் நின்றாய். காலையில் வாசலில் நின்ற மாதிரியே.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரல் இன்னும் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

"ரைட்!" என்றேன்.

நீ சிரித்தாய். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அப்புறம் நீயே கட் பண்ணினாய்.

அப்பா